பெரியவர்களின் பாட்டு ஞாபகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபி (கோபிசெட்டிபாளையம்) பக்கத்துக் கிராமங்களில் பெரியவர்களோடு திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் இளவயதில் கேட்ட பாட்டையும் பாடிய பாட்டையும் பற்றிப் பேசவைத்து எழுதி வருகிறேன். என் அம்முச்சியிடம் (அம்மாவின் அம்மா) ஆரம்பித்தது. இதைக் கேள்விப்பட்டவர்கள் கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் என்னை நிறுத்தி, தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது என்று விசாரிக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே வைத்திருக்கிறேன்.

எங்க அம்முச்சிகிட்டப் பாட்டுக் கேட்டா, "எனக்கு ஒன்னுந் தெரியாது போ கண்ணு"ங்குது. எப்படி ஆரம்பிக்கறதுங்க?

"பாட்டு" என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். அந்தத் தலைமுறைப் பெண்களுக்குப் பாட்டு என்றால் மேடையில் பாடுவது, இல்லாவிட்டால் சினிமாவில் வருவது. தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடியதையும், நடவு வயலில் குனிந்தபடி பாடியதையும் அவர்கள் பாட்டுக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது வேலையோடு வந்த பேச்சு, அவ்வளவுதான்.

அதனால் வேலையையும் இடத்தையும் கேளுங்கள். "பொங்கலுக்குப் பூப்பறிக்கிற நோம்பிக்கு யார் யாரெல்லாம் போவீங்க? எந்தப் பக்கம் ஆவாரம்பூ இருக்கும்? கும்மியில முதல்ல எடுத்துக்கொடுக்கறது யாரு?" என்று போனால் மூன்றாவது கேள்விக்குள் ஒரு வரி தானாக வந்துவிடும். வந்ததும் "இன்னொரு தடவை" என்று பாய வேண்டாம். பேச்சு ஓடட்டும், அந்த வரி திரும்ப வரும்.

எந்த வயசுல கேட்ட பாட்டைக் கேக்கோணும்?

பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வரை. மனிதர்களுக்கு வாழ்நாள் முழுக்க அழுத்தமாக நிற்கும் ஞாபகங்கள் பெரும்பாலும் இந்த வயதுக்குள் நடந்தவைதான் என்பது உளவியல் ஆய்வுகளில் பலமுறை பார்த்த விஷயம். 1945-இல் பிறந்தவர் என்றால் 1955 முதல் 1970 வரை. அவரிடம் போய் 1980களின் பாட்டைப் பற்றிக் கேட்டால் "புள்ளைங்க கேப்பாங்க" என்று முடித்துக்கொள்வார்.

வீட்ல ரேடியோவே இல்லைங்கறாங்க. அப்புறம் பாட்டை எங்கதான் கேட்டாங்க?

ஊரில் கேட்டார்கள். அந்தக் காலத்தில் பாட்டுக் கேட்பது வீட்டுக்குள் நடந்த காரியமே இல்லை. பஞ்சாயத்து ரேடியோ என்று ஒன்று இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் பஞ்சாயத்து ஆள் வந்து அறையைத் திறந்து திருகிவிடுவார், வெளியே கட்டிய குழாயில் சத்தம் வரும். செய்தி கேட்க ஆண்கள் மேடையில் உட்காருவார்கள். பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு போகிற போக்கில் கேட்டார்கள். ஒரே பாட்டை ஒரு ஆண் முழுதாகவும் ஒரு பெண் இரண்டு வரியாகவும் ஞாபகம் வைத்திருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அந்தப் பெண் குடத்தோடு நிற்க முடிந்தது இரண்டு வரி நேரம்தான்.

அப்புறம் மைக்செட். கல்யாணம், சீர், கோயில் நோம்பி எதுவானாலும் தென்னை மரத்தில் குழாய் கட்டி, விடியும் முன்பே பிள்ளையார் பாட்டில் தொடங்கிவிடுவார்கள். அந்தச் சத்தம் காடு தாண்டிப் பக்கத்து ஊர் வரை போகும். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை வைத்தே எந்த ஊரில் கல்யாணம் என்று சொல்லிவிடுவார்கள். டூரிங் டாக்கீஸும் அப்படித்தான். ஆட்டம் தொடங்கும் முன் கொட்டகைக் குழாயில் வழக்கமாக ஒரு சாமி பாட்டு வரும். மூன்று மைல் நடந்து வருகிறவர்கள் அதைக் கேட்டதும் ஓட்டமும் நடையுமாக வந்து சேருவார்கள். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்: "கொட்டாயில கடைசியாப் போடற பாட்டு எது?" யோசிக்காமல் சொல்வார்.

வசதியான தோட்டத்து வீடுகளில் நாய்ப் படம் போட்ட கிராமபோன் பெட்டி இருந்தது. தட்டு ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம் ஓடும், பெட்டிக்குக் கையால் சாவி கொடுக்க வேண்டும். ரேடியோ வைத்திருந்தவர்கள் ஆண்டுதோறும் தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டியிருந்தது. 1980கள் வரை அந்த வழக்கம் இருந்தது. சில வீடுகளில் அந்த லைசென்ஸ் புத்தகம் பத்திரக்கட்டோடு இன்னும் கிடக்கும். தேடுங்கள், அதைக் கையில் கொடுத்தால் பேச்சு வரும்.

எல்லாருமே சிலோன் ரேடியோ, சிலோன் ரேடியோங்கறாங்களே. நம்ம நாட்டு ரேடியோ இல்லீங்களா அப்ப?

இருந்தது. திருச்சி நிலையம் 1939-லேயே வந்துவிட்டது. ஆனால் 1952-இல் பி.வி. கேஸ்கர் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்தபின், சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று சொல்லி அகில இந்திய வானொலியில் அதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார்கள். சாஸ்திரிய சங்கீதம் ஓடியது. ஜனங்கள் முள்ளைத் திருகி இலங்கைப் பக்கம் போய்விட்டார்கள். 1957-இல் விவித் பாரதி தொடங்கியதே போனவர்களைத் திரும்பக் கூப்பிடத்தான். கோவை வானொலி நிலையம் வந்தது 1966-இல்.

அதற்குள் இலங்கை வானொலி வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டது. "பொங்கும் பூம்புனல்" என்ற அதன் நிகழ்ச்சிப் பெயரைச் சொன்னாலே முகம் மாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகிய அறிவிப்பாளர்களின் குரலை அப்படியே பேசிக் காட்டும் ஒரு ஆளாவது அநேகமாக ஊருக்கு ஊர் உண்டு. பாட்டைக் கேட்கும்போது அறிவிப்பாளரையும் சேர்த்துக் கேளுங்கள். பாட்டு மறந்துபோன இடத்தில் அந்தக் குரல் நிற்கும்.

செல்போன்ல அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினா உடனே ஞாபகம் வந்துருமல்ல?

வரும். ஆனால் முதலிலேயே போடாதீர்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

என் அம்முச்சி ஒரு சினிமாப் பாட்டைத் தன் போக்கில் பாடுவார். இரண்டாவது அடியில் எங்கள் ஊர் வாய்க்கால் வரும், நாலாவது அடியில் செத்துப்போன அவருடைய தங்கச்சி பெயர் வரும். காடு வெட்டப் போன இடத்தில் பெண்கள் ஆளுக்கொரு வரி மாற்றிப் பாடிய பாட்டு அது. எனக்கு அப்போது அது புரியவில்லை. ஆர்வத்தில் போனில் தேடி அசல் பாட்டைப் போட்டேன். முழுசாகக் கேட்டார். "நாந்தான் கண்ணு இத்தனை நாளாத் தப்பாப் பாடியிருக்கறேன்" என்றார். அதற்கப்புறம் எத்தனை தடவை கேட்டும் அந்தப் பாட்டை அவர் பாடவே இல்லை. நானும் எழுதி வைக்கவில்லை. வாய்க்காலும் தங்கச்சி பெயரும் வந்த இடம் மட்டும்தான் என் ஞாபகத்தில் இருக்கிறது.

அசல் பாட்டு எங்கேயும் போகாது, நாளைக்கும் போனில் கிடைக்கும். அவர்கள் வாயில் இருக்கும் பாட்டு அப்படி இல்லை. முதல் நாள் அவர்கள் பாடட்டும், பேசட்டும். எல்லாம் பதிவானபின் இன்னொரு நாள் அசலைப் போடுங்கள். அப்போது அது அவர்களுக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், புதிதாக இரண்டு சேதியும் வரும்.

வரியெல்லாம் மாத்தி மாத்திப் பாடறாங்க. திருத்தலாமுங்களா?

வேண்டாம். மேலே சொன்ன காரணம்தான். தூரத்துக் குழாயில் பாதிக் காதில் கேட்டு, மீதியைத் தாங்களே இட்டு நிரப்பிய பாட்டு அது. எப்படிப் பாடுகிறார்களோ அப்படியே, பேச்சு வழக்கோடு எழுதுங்கள். "கேட்கோணும்" என்று பாடினால் "கேட்க வேண்டும்" என்று எழுதிவிடாதீர்கள்.

எந்த வருஷம்னு கேட்டா, "அதெல்லாம் ஆரு கண்டா"ங்கறாங்க.

வருஷம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நடந்ததை வைத்துக் கேளுங்கள். பவானிசாகர் அணை கட்டி முடித்தது 1955. "வாய்க்கால் தண்ணி வர்றதுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்றால் கீழ்பவானிப் பக்கத்துக்காரர்கள் டக்கென்று சொல்வார்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டம் 1965, எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆனது 1977. ஊருக்குக் கரண்ட் வந்தது, மூத்த பிள்ளை பிறந்தது, கிணற்றில் மோட்டார் வைத்தது எல்லாமே கணக்குக்கு உதவும். இரண்டு நிகழ்ச்சிக்கு நடுவில் பாட்டை வைத்துவிட்டால் போதும்.

நம்ம கொங்கு நாட்டுக்குன்னு தனியாப் பாட்டு இருக்குதுங்களா? எங்க பெரியவங்க சொல்றதெல்லாம் சினிமாப் பாட்டுத்தான்.

நிறைய இருக்கிறது. உடுக்கையடித்து ராத்திரி ராத்திரியாகச் சொல்லும் அண்ணன்மார் கதையை முதலில் சொல்ல வேண்டும். பொன்னர், சங்கர், தங்காள் கதை. கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, 1965-இல் 18 இரவுகள் நடந்த இந்தக் கதைப்பாட்டை டேப்பில் பதிவு செய்தார். நம் தாத்தாக்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து கேட்டதை, எங்கிருந்தோ வந்த ஒரு பெண் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு நன்றியும் வருத்தமும் சேர்ந்தே வரும்.

வள்ளி கும்மி இப்போது மறுபடி ஊர் ஊராகக் கூடுகிறது. பெண்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டு, தப்பட்டை அடிக்கு அதைச் சுற்றி ஆடும்போது பாடியவை உண்டு. கொங்கு வேளாளர் கல்யாணத்தில் குடிமகன் (நாவிதர்) நின்று பாடும் மங்கல வாழ்த்து உண்டு. கேட்டால் "அது கம்பர் பாடுனது" என்பார்கள்.

சினிமாப் பாட்டை வெளியூர்ச் சரக்கு என்று தள்ளிவிடவும் வேண்டாம். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் 1935-லிருந்து இருந்தது. கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் இருந்தன. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையமைத்ததும், அவரிடம் பையனாக இருந்து எம்.எஸ். விஸ்வநாதன் தொழில் கற்றதும், டி.எம். சௌந்தரராஜன் முதன்முதலாகச் சினிமாவுக்குப் பாடியதும் கோவையில்தான். கே.பி. சுந்தராம்பாள் 1908-இல் பிறந்தது கொடுமுடியில். கோவை மில்லில் வேலை பார்த்தவர்களிடம் "ஸ்டுடியோ வாசல்ல நின்னிருக்கீங்களா?" என்று கேட்க மறக்காதீர்கள்.

எங்க அப்பாரு கவலை ஓட்டுனவரு. அந்தப் பாட்டைப் பாடச் சொன்னா ரெண்டு வார்த்தைக்கு மேல வரமாட்டீங்குது.

உட்காரவைத்துக் கேட்டிருப்பீர்கள். கவலை என்பது மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது. அந்தப் பாட்டு ஒரே இடத்தில் உட்கார்ந்து பாடியது இல்லை. மாடு வாரியில் (கிணற்றடிச் சரிவில்) இறங்கும்போது ஆள் வடக் கயிற்றின் மேல் உட்கார்ந்து பாரம் கொடுப்பார், சால் (தண்ணீர் மொள்ளும் பாத்திரம்) மேலே வந்து தண்ணீரைக் கொட்டும், மாட்டைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார், மறுபடி இறங்குவார். இறங்கும் நேரத்துக்கு ஒரு வரி, ஏறும் நேரத்துக்கு மாட்டை அதட்டும் சத்தம். எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் பாட்டிலேயே போகும். உடம்பு அசையாமல் அந்தப் பாட்டு எப்படி வரும்?

பழைய கிணற்று மேட்டுக்குக் கூட்டிப் போங்கள். நடக்க முடியாதவர் என்றால் கையில் ஒரு கயிறாவது கொடுங்கள். எங்கள் ஊரில் ஒரு பெரியவர் ஆறு மாதமாக "மறந்துபோச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இடிந்த கிணற்று வாரியில் நாலு எட்டுப் பின்னால் நடந்ததும் பத்து வரி வந்தது. நடுவில் மாட்டின் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டார்.

இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். பைக்காரா மின்சாரம் 1930களில் கோவைப் பக்கம் வந்தது. பின்னால் தோட்டம் தோட்டமாக மோட்டார் வைத்ததும் கவலை நின்றுபோனது. கவலை ஓட்டிய கடைசி ஆட்கள் இப்போது எண்பது தாண்டியவர்கள்.

ஒப்பாரி நல்லாப் பாடுவாங்களாம். பாடச் சொல்லலாமுங்களா?

வீட்டுக்குள் வைத்துக் கேட்காதீர்கள். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் ஆகாது என்பது நம் பக்கத்து நம்பிக்கை. உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், பாடுகிறவருக்கு இருக்கிறது. "காட்டுப் பக்கம் போய்ப் பேசலாமுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சிலர் தோட்டத்து மரத்தடியில் பாடுவார்கள். சிலர் எங்கேயும் மாட்டார்கள், அப்படியானால் அத்தோடு விட்டுவிடுங்கள். வெள்ளி, செவ்வாயில் கேட்கவே வேண்டாம்.

பாடிட்டிருக்கறப்பவே அழுதுட்டாங்க. நிறுத்தச் சொல்லீட்டேன். சரிதானுங்களா?

நீங்கள் நிறுத்தச் சொன்னதற்குப் பதில், பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். பதிவை மட்டும் நிறுத்திவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாங்களே தொடர்வார்கள். கல்யாணமான புதிதில் கேட்ட பாட்டு, வீட்டுக்காரர் போனபின் கேட்காமல் விட்ட பாட்டு என்றெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். தொடரவில்லை என்றால் வேறு பேசுங்கள். அன்று சேகரிப்பு வேலை முடிந்தது.

எங்க அப்பத்தாவுக்கு மறதி நோய். என்னையே ஆருன்னு கேக்குது. பாட்டு வருமுங்களா?

வரலாம். மறதி நோயில் சின்ன வயதுப் பாட்டு மற்ற ஞாபகங்களைவிட வெகுகாலம் தங்குவதைப் பல குடும்பங்களில் பார்க்கலாம், மருத்துவர்களும் சொல்கிறார்கள். பெயர் மறந்தவர் நாலு அடியை முழுசாகப் பாடுவார். இவர்களிடம் மட்டும் நான் முன்னே சொன்னதை மாற்றிக்கொள்ளுங்கள்: நீங்களே முதல் வரியை எடுத்துக் கொடுக்கலாம், பழைய பாட்டை மெதுவாகப் போட்டுவிடலாம். கேள்வி மட்டும் கேட்காதீர்கள். "இது என்ன பாட்டு, யார் பாடினது" என்று பரீட்சை வைத்தால் பதில் தெரியாமல் மிரண்டுபோவார்கள். கூடச் சேர்ந்து பாடுங்கள், போதும்.

காது சரியாக் கேக்கறதில்லை. சத்தமா வெச்சாலும் புரியலைங்கறாங்க.

வயதானவர்களுக்கு முதலில் போவது கீச்சென்ற மேல் ஒலிகள். அதனால் சத்தம் கேட்கும், வார்த்தை பிரியாது. கூட்டி வைத்தால் இரைச்சல்தான் கூடும். டிவியையும் ஃபேனையும் நிறுத்திவிட்டு, காதை மூடும் பெரிய ஹெட்போனில் மிதமாகப் போடுங்கள்.

பரண் மேல பழைய ரெக்கார்டும் கேசட்டும் கெடக்குது. துடைச்சுப் போட்டுப் பாக்கலாமா?

அவசரப்படாதீர்கள். கனமாக, கீழே விழுந்தால் ஓடுபோல் உடையும் பழைய 78 தட்டு (நிமிடத்துக்கு 78 முறை சுற்றுவது) அரக்கால் செய்தது. ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். தண்ணீரில் நனைத்த மெல்லிய துணி போதும், நடுவில் இருக்கும் லேபிளில் ஈரம் படக் கூடாது. அதற்குத் தனி ஊசி வேண்டும். எல்.பி. தட்டுக்கான ஊசியை வைத்தால் சரியாகக் கேட்காது. பழைய கிராமபோனில் போடுவதானால் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரும்பு ஊசியை மாற்றுங்கள், இல்லையென்றால் தட்டு தேயும்.

கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே வேண்டாம், தெரிந்த ஆளிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் ஒருமுறை கடைசி வரை சுற்றி, திரும்பச் சுற்றிவிட்டு ஓட்டுங்கள், ஓடும் முதல் தடவையே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். கேசட் கடையில் பாட்டுப் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கியதாக இருந்தால், அட்டையில் அப்பாவோ சித்தப்பாவோ எழுதிய பட்டியலையும் படம் எடுங்கள். அந்தப் பதினைந்து பாட்டை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டால் ஒரு சாயங்காலம் போதாது.

பதிவு பண்ண செல்போனே போதுமா?

போதும். அழைப்பு வராதபடி மாற்றி, ஒரு துணியை மடித்து அதன்மேல் வையுங்கள், கையில் பிடிக்காதீர்கள். தொடக்கத்தில் தேதி, ஊர், பெயர் மூன்றையும் உங்கள் குரலில் சொல்லுங்கள். இரண்டு இடத்தில் நகல் வையுங்கள்.

அம்முச்சி பாடுனதை யூடியூப்ல போட்டா காப்பிரைட் பிரச்சனை வருமா?

தாலாட்டு, கும்மி, கவலைப் பாட்டுக்குத் தனி ஆசிரியர் இல்லை, அதனால் அந்தச் சிக்கல் இல்லை. சினிமாப் பாட்டில் மூன்று உரிமை உண்டு. வரிக்கு எழுதியவர் இறந்தபின் 60 ஆண்டு, மெட்டுக்கு இசையமைத்தவர் இறந்தபின் 60 ஆண்டு, ஒலிப்பதிவுக்கு வெளியானபின் 60 ஆண்டு. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இல் இறந்தார், அவர் வரிகள் 2020 முதல் பொதுச்சொத்து. ஆனால் அதே பாட்டின் மெட்டு விஸ்வநாதனுடையது என்றால் அவர் இறந்தது 2015-இல், அந்த உரிமை இன்னும் இருக்கிறது. பாரதியார் பாட்டின் உரிமையைச் சென்னை அரசு 1949-லேயே எடுத்துக்கொண்டு, பின்னால் பொதுவாக்கிவிட்டது.

பலர் மறப்பது பாடியவரின் உரிமையை. உங்கள் அம்முச்சி பாடிய பாட்டில் பாடகர் என்ற முறையில் சட்டமே அவருக்கு உரிமை தருகிறது. "ஊர்ல எல்லாரும் பாப்பாங்க, பரவால்லீங்களா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் போடாதீர்கள். அழுத பகுதியை எப்போதும் போடாதீர்கள்.

சில பாட்டுல சாதிப் பேரைச் சொல்லி இழிவா வருது. அதையும் எழுதோணுமா?

நோட்டில் எழுதுங்கள், வெளியே பரப்பாதீர்கள். அழித்துவிட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். மேடையேற்றினால் அந்த இழிவு இன்னொரு தலைமுறைக்குப் போகும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. பஞ்சாயத்து ரேடியோ எல்லாருக்கும் பொது என்று மேலே எழுதிய மாதிரி தோன்றலாம். மேடையில் யார் உட்கார்ந்தார்கள், ரோட்டில் யார் நின்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஊருக்குள் வளவில் ஒருத்தர், ஊருக்கு வெளியே காலனியில் ஒருத்தர் என்று இருவரிடமும் ஒரே பாட்டைக் கேட்டேன். ஒருவருக்கு அது மாலைக் காற்று. இன்னொருவருக்கு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தள்ளி நின்று கேட்டது. கோயில் நோம்பியில் விடிய விடியத் தப்பட்டை அடித்தவர்களிடம் போய் உட்காராமல், ஊர்ப் பாட்டை எழுதிவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

நாங்க கேக்கறதுக்குள்ள ஆத்தா போய்ச் சேந்துருச்சு. இனி என்ன பண்றதுங்க?

அவரோடு கும்மி கொட்டியவர்களைத் தேடுங்கள். கும்மியில் ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எடுத்துக் கொடுத்தவர் போய்விட்டாலும், வாங்கிப் பாடியவர் பக்கத்து ஊரில் மருமகளோடு இருப்பார். அவரிடம் பதில் வரி மட்டும் இருக்கும். அதை எழுதி, முன்வரி வரவேண்டிய இடத்தை வெறுமனே விட்டு வையுங்கள்.

என் நோட்டில் அப்படி மூன்று பாட்டு இருந்தது. போன தை மாதம் அந்தியூர்ப் பக்கம் ஒரு வீட்டில், வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு அம்மா அடுப்படியிலிருந்தே அதில் ஒன்றின் முன்வரியைப் பாடினார். இன்னும் இரண்டு காலி இடம் இருக்கிறது.